மனுவோ நோட்டீஸோ: படிப்பவரை இசைய வைக்க எழுதுவது எப்படி?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால், ரெட்டிச்சாவடி தொடங்கித் தவளக்குப்பம் வரைக்கும் மனை விற்பனைப் பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரிதான். 'இருபது ஆண்டு அனுபவம்', 'அரசு அங்கீகாரம் பெற்ற மனைகள்', 'பாண்டிக்குப் பதினைந்தே நிமிடம்', 'உங்கள் பிள்ளையின் நாளைக்காக இன்றே ஒரு மனை', 'இன்னும் சில மனைகளே உள்ளன'.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டிய மூன்று வழிகளும் இந்த ஒரு பலகைக்குள் இருக்கின்றன. சொல்பவரை நம்பலாம் என்று தோன்றவைப்பது எத்தோஸ். கேட்பவரின் மனநிலையைத் தொடுவது பேத்தோஸ். சொல்லும் விஷயத்திலேயே நியாயத்தைக் காட்டுவது லோகோஸ். இந்தக் கட்டுரையில் இவற்றை நம்பகம், உணர்வு, காரணம் என்றே சொல்லப்போகிறேன்.

கலெக்டர் ஆபீஸுக்கு மனு, தெருவில் கொடுக்க ஒரு நோட்டீஸ், பத்திரிகைக்குக் கடிதம், கல்லூரிக்குக் கட்டுரை என்று முதன்முதலாக எழுத உட்காருபவர்களுக்கான வழிகாட்டி இது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் புதிதாக எழுதுபவர்களுக்கு உணர்வு தாராளமாக வருகிறது, காரணம் பாதியில் நின்றுவிடுகிறது, நம்பகம் என்றால் பணிவாக எழுதுவது என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் பின்னிரண்டுக்குத்தான் இங்கே அதிக இடம்.

முதலில், அடுத்தவர் எழுதியதைப் பிரித்துப் பாருங்கள்

மூன்று நிறப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனை விளம்பரத் துண்டறிக்கை, ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு, ஒரு பத்திரிகைத் தலையங்கம், இந்த மூன்றும் போதும். ஒவ்வொரு வாக்கியமும் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்து நிறம் போடுங்கள். சில வாக்கியங்களுக்கு இரண்டு நிறம் விழும், அது சரிதான். 'பாண்டிக்குப் பதினைந்தே நிமிடம்' என்பது பார்வைக்குக் காரணம். ஆனால் எந்த நேரத்தில், எந்த வண்டியில், பாண்டியில் எந்த இடத்துக்கு என்று கேட்டவுடன் அது காரணமாக நிற்காது. முருங்கப்பாக்கத்து நெரிசலில் மாலை ஆறு மணிக்குச் சிக்கியவர்கள் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் படித்துச் சிரிப்பார்கள். 'இன்னும் சில மனைகளே' என்பது தகவல் போலத் தெரியும் பயம்.

'அரசு அங்கீகாரம்' என்பது நம்பகத்துக்கான வாக்கியம். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் விளம்பரத்திலும் இருக்க வேண்டும். எண் இருந்தால் அந்த நம்பகத்தைச் சோதித்துப் பார்க்கலாம். இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

வாட்ஸ்அப் பார்வர்டுகளில் நடப்பது வேறு. அங்கே நம்பகம் இரவல் வாங்கப்படும். 'நாசா விஞ்ஞானிகள் வியந்தார்கள்' என்பார்கள். நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்தது என்று அறிவித்ததாக எத்தனையோ ஆண்டுகளாக ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி ஓர் அறிவிப்பே கிடையாது. அனுப்புபவர் பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார், நம் சித்தப்பாவாகக்கூட இருக்கலாம். இரண்டு நம்பகங்களும் சேர்ந்துகொள்வதால்தான் அது நிற்காமல் ஓடுகிறது.

இந்தப் பயிற்சியை ஒரு வாரம் செய்தால் கண் பழகிவிடும். அப்புறம் நம் எழுத்துக்கு வரலாம்.

யார் படிக்கப் போகிறார்? அவரால் என்ன செய்ய முடியும்?

எடுத்துக்காட்டுக்கு ஒரு மனு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஏதோ ஒரு தெரு, மழை பெய்தால் தண்ணீர் வடிவதில்லை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படும் மனு இப்படித்தான் இருக்கும்:

"உயர்திரு ஐயா அவர்களுக்கு, எங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக மழைநீர் வடியாமல் பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி வருகின்றனர். பலமுறை புகார் அளித்தும் அதிகாரிகள் மெத்தனப் போக்கையே கடைப்பிடிக்கின்றனர். எனவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து ஏழை எளிய மக்களாகிய எங்கள் மீது இரக்கம் கொண்டு உரிய நடவடிக்கை எடுக்குமாறு மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. எந்தத் தெரு, வடிகாலில் என்ன பிரச்சினை, 'உரிய நடவடிக்கை' என்றால் எது, ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கட்டுக்கட்டாக வரும் மனுக்களில், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும் மனு இது.

முதலில் முகவரியைச் சரிபாருங்கள். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனது; தெரு வடிகால் என்றால் ஆணையர். அதே வடிகால் மாநில நெடுஞ்சாலை ஓரமாக ஓடினால் நெடுஞ்சாலைத் துறை. கெடிலம் ஆற்றின் கரை என்றால் நீர்வளத் துறை. எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல். நாலு கிலோமீட்டர் போவதற்குள் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். கிருமாம்பாக்கத்துக்காரர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு எழுத வேண்டும், தவளக்குப்பத்துக்காரர் அரியாங்குப்பம் கொம்யூனுக்கு. தவறான மேசைக்குப் போகும் மனு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், 'தொடர்புடைய துறைக்கு அனுப்பப்படுகிறது' என்ற ஒரு வரியோடு பயணம் கிளம்பிவிடும்.

அடுத்தது காலம். அரிஸ்டாட்டில் பேச்சை மூன்றாகப் பிரித்தார். நடந்ததைப் பற்றி வழக்காடுவது ஒன்று, இப்போது இருப்பதைப் புகழ்வது அல்லது இகழ்வது ஒன்று, இனிச் செய்ய வேண்டியதை ஆலோசிப்பது ஒன்று. மேலே உள்ள மனு நடந்ததிலேயே நிற்கிறது: யார் மெத்தனம், யார் குற்றவாளி. ஆணையர் நீதிபதி இல்லையே. ஆள், இயந்திரம், பணம் ஒதுக்குவதுதான் அவரால் முடிந்தது, அது எல்லாமே வருங்காலம். பழி சொல்லும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். கேட்கும் வாக்கியங்களைவிட அவை அதிகம் என்றால் மனு இடம் மாறி நிற்கிறது என்று அர்த்தம்.

இதற்குக் கடலூரிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1908இலிருந்து புதுச்சேரியில் இருந்த பாரதியார், 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து சென்னை கவர்னருக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினார். அரசியலை விட்டுவிட்டதாகவும் சட்டத்துக்கு அடங்கி நடப்பதாகவும் அதில் உறுதி கூறினார். 'இந்தியா' பத்திரிகையில் அனல் கக்கிய அதே கை. கவர்னருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், இந்த மனிதரை வெளியே விட்டால் தொல்லை வருமா வராதா. மனு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. வெளியே நண்பர்களும் அவருக்காகப் பேசினார்கள், டிசம்பரில் விடுதலையானார். அவர் அப்படி எழுதியது சரியா என்று இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, யாருக்கு எழுதுகிறோம் என்பதை ஒரு கணமும் மறக்காத எழுத்தாளர்.

காரணம்: சொல்லாமல் விட்ட படியைத் தேடுங்கள்

'மழைக்காலம் வருகிறது, ஆகவே வடிகாலைத் தூர்வார வேண்டும்.' காரணம் சொல்லியாகிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் நடுவில் ஒரு படி இல்லை: வடிகால் அடைத்திருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. நாம் தினமும் பேசுவது இப்படித்தான், ஒரு படியை விட்டுவிட்டுப் பேசுவோம், கேட்பவர் அதைத் தானே போட்டுக்கொள்வார். தானே போட்டுக்கொண்டதால் அவருக்கு அது சொந்தக் கருத்து மாதிரி ஆகிவிடும். இப்படிப்பட்ட வாதத்தைத்தான் இசைய வைப்பதன் உடல் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். கேட்பவர் அந்தப் படியைப் போட மறுத்தால் மட்டும் வாதம் அங்கேயே விழும். பொறியாளர் மனுவைப் படித்துவிட்டு, 'அந்தத் தெருவே பள்ளம், தூர்வாரினாலும் நிற்கும்' என்று நினைத்தால் முடிந்தது கதை.

அதனால் ஒவ்வொரு 'ஆகவே'க்கும் முன்னால் நின்று, எதை விட்டுவிட்டேன், இவர் அதை ஒப்புக்கொள்வாரா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்வார் என்றால் விட்டுவிடலாம், எல்லாவற்றையும் எழுதினால் பாடப் புத்தகம் ஆகிவிடும். சந்தேகம் என்றால் எழுதுங்கள், ஆதாரமும் வையுங்கள். 'மேற்குப் பாதியில் வடிகால் திறந்திருக்கிறது, அங்கே தண்ணீர் நிற்பதில்லை. கிழக்கில் மூடியிருக்கும் இடத்தில் மட்டும் நிற்கிறது' என்ற ஒரு வரி, பத்து வரிப் புலம்பலைவிட அந்தப் பொறியாளரை அசைக்கும். ஒரே தெரு, ஒரே மழை, ஒரே ஒரு வேறுபாடு. ஒப்பிட்டுக் காட்டுவதுதான் சாமானியர் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆதாரம். அளவெடுக்க ஒரு டேப்பும் படமெடுக்க ஒரு போனும் போதும்.

இன்னொன்று. படிப்பவருக்குத் தெரிந்ததையே காரணமாக எழுதாதீர்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல், இவற்றையெல்லாம் பார்த்த மாவட்டத்தின் அதிகாரிக்கு, வெள்ளம் கொடுமையானது என்று நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உங்கள் தெருவில் எந்த நாற்பது அடி மூடிக் கிடக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

நம்பகம்: பணிவு வேறு, இது வேறு

'பணிவன்புடன்' என்பதை நாலு தடவை எழுதினால் நம்பகம் வராது. பட்டம், பதவி, சங்கத் தலைவர் முத்திரை எல்லாம் கொஞ்சம் உதவும், ஆனால் அவை எழுத்துக்கு வெளியே இருப்பவை. எழுத்துக்கு உள்ளேயே மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, இவர் நேர்மையானவர், இவர் என் நன்மையையும் நினைக்கிறார்.

விஷயம் தெரிந்தவர் என்பது விவரங்களில் தெரியும். 'பலமுறை' என்று எழுதுபவரைவிடத் தேதி போட்டு எழுதுபவரை நம்புவோம். நேர்மை எதில் தெரியும் என்றால், நமக்குச் சாதகமில்லாததையும் சொல்வதில். அந்த வடிகாலில் மண்ணோடு தெருக்காரர்களின் குப்பையும் கிடக்கும், சந்தேகமே வேண்டாம். அதை மறைத்தால், பார்வையிட வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான், மனுவில் உள்ள மற்றதெல்லாம் அந்த நொடியே சந்தேகத்துக்குள் போய்விடும். நாமே சொல்லிவிட்டால் அது நம் பக்கம் வேலை செய்யும். மூன்றாவதை யாரும் யோசிப்பதே இல்லை. அவர் வேலையை எளிதாக்க நாம் என்ன செய்வோம் என்று ஒரு வரி எழுதினால், நல்லெண்ணம் தானாகத் தெரியும்.

'நான் நேர்மையானவன், பொய் சொல்ல மாட்டேன்' என்று எழுதவே கூடாது. அப்படித் தொடங்கும் எதையும் யாரும் நம்புவதில்லை.

உணர்வு: கொஞ்சமாக, குறிபார்த்து

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்குப் போகும் இடத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த முறை நிறப் பேனாவோடு படித்துப் பாருங்கள். அவள் உள்ளே வருவதற்கு முன்பே வாயிற்காவலன் அரசனிடம் சொல்லிவிடுகிறான்: கோபத்தோடு, கையில் ஒற்றைச் சிலம்போடு, கணவனை இழந்தவள் வாசலில் நிற்கிறாள். கண்ணில் நீர் வழிய நிற்பதை அரசனே பார்க்கிறான். உணர்வுக்கு வேண்டியதெல்லாம் இதிலேயே முடிந்துவிட்டது. வாய் திறந்த பிறகு கண்ணகி அழுகைக்காகச் சொற்களைச் செலவழிப்பதில்லை. புறாவுக்காகத் தன்னைத் தந்தவனும், கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர், மாசாத்துவானின் மகன் என் கணவன் என்று முதலில் தான் யார் என்பதை நிறுத்துகிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசனும் காரணத்தோடுதான் பதில் சொல்கிறான். அதற்கு அவள் வைப்பது, அந்த அவையில் எல்லோரும் பார்த்தே சரிபார்க்கக்கூடிய ஒரு சான்று. என் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் வாயாலேயே வருகிறது. சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

உணர்வை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அது காட்சியில் இருக்கட்டும், பெயரடைகளில் வேண்டாம். 'சொல்லொணாத் துயரம்' என்று எழுதிவிட்டு அதைச் சொல்லாமலே விடுவது என்ன கணக்கு? ஒரு வீடு, ஒரு ஆள், ஒரு நாள், அதைச் சொல்லுங்கள்.

எந்த உணர்வு என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மனநிலையில் இருப்பவருக்கு அது வரும், யார் மீது வரும், எதனால் வரும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கோபத்தைக் கிளப்பினால் அது யார் மீது பாயும்? மனுவைப் படிப்பவர் மீதே பாய்ந்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். இரக்கமும் அலுத்துப்போகும். ஒரு நாளில் நூறு பேர் மீது யாராலும் இரக்கப்பட முடியாது. அதிகாரிக்கு எழுதும்போது 'இது நம்மால் முடிகிற காரியம்தான்' என்ற தெம்பைத் தருவது பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது.

இப்போது மனுவைத் திருப்பி எழுதுவோம்

விவரங்கள் எல்லாம் கற்பனை, அமைப்பை மட்டும் பாருங்கள்.

"ஐயா, எங்கள் தெருவில் 38 வீடுகள். கீழே கையெழுத்திட்டிருப்பவர்கள் அதில் 31 வீட்டார். தெருவின் கிழக்கு முனையில், ரேஷன் கடைக்கு எதிரே, மழைநீர் வடிகால் 40 அடி நீளத்துக்கு மண் மூடிக் கிடக்கிறது (படம் 1). மேற்குப் பாதி திறந்திருக்கிறது, அங்கே தண்ணீர் நிற்பதில்லை (படம் 2). போன ஐப்பசியில் கிழக்குப் பாதியில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. கடைசி வீட்டில் இருப்பவர் வாரம் இருமுறை டயாலிசிஸ் போகிறவர்; அவரை நாற்காலியில் உட்காரவைத்து நால்வர் தூக்கிக்கொண்டு போனார்கள். வடிகாலில் மண்ணோடு எங்கள் வீட்டுக் குப்பையும் கிடக்கிறது. இனிப் போடுவதில்லை என்று தெருக் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால், செப்டம்பர் மாதத்துக்குள் இந்த 40 அடியைத் தூர்வாரித் தரக் கேட்டுக்கொள்கிறோம். வேலை நடக்கும் நாளில் வண்டிகளை அகற்றித் தெருவைக் காலியாக வைத்துத் தருகிறோம்."

உணர்வுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான், நாற்காலி. 'பாவம்' என்ற சொல்லே இல்லை. யாரையும் திட்டவில்லை. கேட்பது என்ன, எவ்வளவு, எப்போதைக்குள் என்பது ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. படிப்பவர் அதை அப்படியே உத்தரவாக எழுதிக் கீழே அனுப்பலாம்.

இதே விஷயத்தைத் தெருக்காரர்களுக்கு நோட்டீஸாக அடித்தால் அளவுகள் மாறும். அவர்களுக்கு 40 அடிக் கணக்கு வேண்டாம், தினமும் பார்ப்பதுதானே. அங்கே நாற்காலி முதல் வரிக்கு வரும், குப்பை இரண்டாவது வரிக்கு. 'நாம்' என்று எழுதுங்கள், 'பொதுமக்கள்' என்று எழுதாதீர்கள். பத்திரிகைக்கு என்றால் உங்கள் தெரு மட்டும் போதாது, இப்படி இன்னும் எத்தனை தெரு என்பதையும் விசாரித்து எழுத வேண்டியிருக்கும். கல்லூரிக் கட்டுரையில் காரணமே முக்கால் பங்கு. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதில் கொடுப்பதுதான் அங்கே நம்பகம்.

நேரமும் வாதத்தில் சேர்த்தி. இந்த மனுவை ஆகஸ்டில் கொடுத்தால் திட்டமிட அவகாசம் இருக்கும். டிசம்பரில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கொடுத்தால் அலுவலகமே நிவாரண வேலையில் இருக்கும், தூர்வாருவதை யார் கேட்பார்கள்? கிராம ஊராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை நாட்கள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மழைக்கு முன் தூர்வார வேண்டுமென்றால் ஆகஸ்ட் 15தான் சரியான நாள். அங்கே வாயால் பேச வேண்டும், ஆகவே மனுவை மூன்று வாக்கியமாகச் சுருக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவையே பார்க்காத ஒருவரிடம் மனுவைப் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் காகிதத்தை வாங்கிக்கொண்டு, 'இவர்கள் என்ன கேட்கிறார்கள்?' என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் கேட்கும் வாக்கியத்தை மேலே கொண்டுவாருங்கள். மனுவைக் கொடுத்ததும் ரசீது எண்ணை வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அடுத்த மனுவின் முதல் வரியில் 'பலமுறை புகார் அளித்தும்' என்று எழுதாமல், அந்த எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.